மொழி மறந்த மலைநகர்

இத்தாலி என்றவுடன் ரோமாபுரியும் வெனிசும் பிளாரன்சும் நம் நினைவுக்கு வருகின்றன. வரலாறு பயில்வோரும் சுற்றுலாச் செல்வோரும் அப்பெருநகரங்களையே நாடுவது இயல்பு. ஆனால் அவற்றுக்கு இடையே, மலைச்சரிவுகளில் மதில் சூழ்ந்து நிற்கும் சிறு நகரங்கள் பல உள. அவற்றுள் ஒன்றான கொர்த்தோனாவின் வரலாற்றை ஈண்டுச் சிறிது காண்போம். ஊர் அழியவில்லை, அவ்வூர் மக்களின் வழிவந்தோரும் அழியவில்லை, அவர்கள் பேசிய மொழி மட்டும் அழிந்தது. அவ்வாறு நேர்ந்த கதை அந்நகரில் கல்லிலும் வெண்கலத்திலும் பொறித்து வைக்கப்பட்டுள்ளது. தாயகத்திற்கு வெளியே பிற மொழியினர் நடுவே வாழ்ந்து, அங்கேயே பிள்ளைகளையும் வளர்த்துவரும் நம்மனோர்க்கு அக்கதை பொழுதுபோக்கன்று, சிந்தனைக்கு உரியது.

குன்றும் ஏரியும்

தொஸ்கானா மாநிலத்தில், அரெட்சோ மாவட்டத்தின் தென்பகுதியில், உம்பிரியா மாநில எல்லையை ஒட்டிக் கொர்த்தோனா அமைந்துள்ளது. பிளாரன்சிலிருந்து ரோமாபுரிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் கமுச்சியா என்னும் நிலையத்தில் இறங்கினால், குன்றின் சரிவில் அடுக்கடுக்காக ஏறிச்செல்லும் சாம்பல்நிறக் கல்வீடுகள் கண்ணுக்குப் புலப்படும். நகரின் நடுப்பகுதி கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கும் மேலே, குன்றின் உச்சியில், ஜிரிபால்கோ என்னும் கோட்டை நிற்கின்றது. நகருக்குள் சமதளமாக உள்ள தெரு ஒன்றே. எனவே அதனைச் 'சமதெரு' என்று பொருள்படும் 'ருகாபியானா' என்னும் பெயராலேயே மக்கள் வழங்குகின்றனர். ஏனைய தெருக்கள் எல்லாம் படிகளும் ஏற்றங்களுமே.

மதிலோரம் நின்று மேற்கே நோக்கினால் கியானா ஆற்றுப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். முற்காலத்தில் தானியம் விளைந்த அந்நிலம், இடைக்காலத்தில் சதுப்பாகிக் காய்ச்சலுக்கு உறைவிடமாயிற்று. பின்னர்ப் பல தலைமுறைகளின் உழைப்பால் நீர் வடிக்கப்பட்டு மீண்டும் விளைநிலமாயிற்று. தெற்கே நோக்கினால், வெயில் தெளிந்த நாட்களில், திராசிமேனோ ஏரி வெள்ளித் தகடு போல ஒளிவிடும்.

இவ்வேரி ஏறத்தாழ 128 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இத்தாலியத் தீபகற்பப் பகுதியில் உள்ள ஏரிகளுள் மிகப் பெரியது. பரப்பு பெரிதாயினும் ஆழம் மிகக் குறைவு. ஆறு மீட்டர் அளவே ஆழமுடையது. பேராறு எதுவும் இதனுட் பாய்வதில்லை. இயற்கையான வடிகாலும் இதற்கில்லை. மழை மிகுந்த ஆண்டுகளில் கரைபுரண்டு வயல்களை மூழ்கடிக்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் சுருங்கிச் சேறாகும். அதனால் 15ஆம் நூற்றாண்டிலேயே நிலத்தடிக் கால்வாய் ஒன்று அகழப்பட்டது. 1898இல் புதிய வடிகால் ஒன்றும் அமைக்கப்பட்டது. இக்குன்றிற்கும் இவ்வேரிக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் கொர்த்தோனாவின் வரலாறு பெரும்பாலும் நிகழ்ந்துள்ளது.

மதிலின் அடிக்கற்கள்

நகரைச் சூழ்ந்துள்ள மதில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுடையது. அதனை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். மேற்பகுதியில் உள்ளவை சிறு கற்கள், இடைக்காலத்தில் அடுக்கப்பட்டவை. அடிப்பகுதியில் உள்ளவையோ, சாந்து ஏதுமின்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்ட பெரும் பாறைகள். அவற்றை அடுக்கியவர்கள் எட்ரூஸ்கர் என்னும் மக்கள்.

ரோமாபுரி சிற்றூராக இருந்த காலத்திலேயே, நடு இத்தாலியின் மேற்குப் பகுதியில் எட்ரூஸ்கர் வளமான நகரங்களை அமைத்து வாழ்ந்தனர். இரும்பும் செம்பும் அகழ்ந்தனர். கிரேக்கரோடும் பினீசியரோடும் கடல் வாணிகம் நடத்தினர். தொஸ்கானா என்னும் மாநிலப் பெயரும், திரேனியக் கடல் என்னும் கடற்பெயரும் அவர்களைக் குறித்த பழம்பெயர்களின் எச்சங்களே. அவர்தம் தலைமை நகரங்கள் பன்னிரண்டு என்பது மரபு. கொர்த்தோனாவும் அவற்றுள் ஒன்றாக எண்ணப்பெறும். 'குர்த்துன்' என்பது அதன் எட்ரூஸ்கப் பெயர்.

குன்றின் அடிவாரத்தில், கமுச்சியாவிலும் சோதோ என்னுமிடத்திலும், பெரிய மண்மேடுகள் உள்ளன. அவை உருண்டு திரண்டு காணப்பட்டமையால் அவ்வூரார் அவற்றை 'மெலோனே', அதாவது முலாம்பழம், என்று அழைத்துவந்தனர். 1842இல் கமுச்சியா மேடு அகழப்பட்டபோது அது பழங்காலக் கல்லறை எனத் தெரியவந்தது. சோதோவில் உள்ள மேடுகளும் கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குடும்பக் கல்லறைகளே. அவற்றுள் ஒன்றில், படிக்கட்டுடன் கூடிய கல்மேடையும், விலங்கொன்றோடு போராடும் வீரனைக் காட்டும் சிற்பமும் பிற்கால அகழ்வாய்வில் வெளிப்பட்டன. இறந்தோரைத் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் வைத்துப் போற்றும் அளவிற்கு அக்குடும்பங்கள் வேரூன்றி வாழ்ந்தன என்பதற்கு இவை சான்றாகும்.

1840இல் அருகிலுள்ள வயல் ஒன்றில் கிடைத்த வெண்கல விளக்கு இன்று நகர அருங்காட்சியகத்தின் தலைமணியாகத் திகழ்கின்றது. அரை மீட்டருக்கு மேல் அகலமும் ஐம்பது கிலோவிற்கு மேல் எடையும் உடைய அத்தொங்குவிளக்கில் பதினாறு திரிமுகங்கள் உள்ளன. நடுவில் நாநீட்டிய அரக்கி முகமும், சுற்றிலும் வேட்டை விலங்குகளும், குழலூதும் வனதேவர்களும், சிறகுடைய மங்கையரும் வார்க்கப்பட்டுள்ளனர். அந்நிலத்துக் கைவினைஞரின் திறத்திற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஏரிக்கரைப் போர்

கி.மு. 217ஆம் ஆண்டில் உலக வரலாற்றின் பெருநிகழ்ச்சி ஒன்று இவ்வேரிக்கரையில் நிகழ்ந்தது. கார்த்தேஜ் நாட்டுப் படைத்தலைவன் ஹானிபால், ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் புகுந்து, ஆர்னோ ஆற்றுச் சதுப்புகளைத் தாண்டி வந்தான். அச்சதுப்பில் நோயுற்று ஒரு கண்ணின் பார்வையை இழந்தான். எஞ்சியிருந்த ஒரே யானையின் மீதேறி அதனைக் கடந்தான். ரோமானியத் தலைவன் பிளாமினியஸ் அரெட்டியம் நகரில், அதாவது இன்றைய அரெட்சோவில், பாசறை அமைத்துக் காத்திருந்தான். ஹானிபால் அவனைத் தாக்காமல் விலகிச் சென்று, கொர்த்தோனாவிற்கும் ஏரிக்கும் இடைப்பட்ட வளநாட்டைத் தீக்கிரையாக்கினான். கொர்த்தோனாவும் அதன் மலைகளும் இடப்புறமாகவும் ஏரி வலப்புறமாகவும் அமைய அவன் சென்றான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் குறித்துள்ளார். தன் கண்ணெதிரே ஊர்கள் எரியக் கண்டு பொறாத பிளாமினியஸ் பின்தொடர்ந்தான். ஹானிபால் விரும்பியதும் அதுவே.

ஏரியின் வடகரையில், மலைக்கும் நீருக்கும் இடையே வழி குறுகும் இடத்தில், இரவோடிரவாகக் குன்றுகளின் பின்னே ஹானிபால் தன் படையை மறைத்து நிறுத்தினான். விடியற்காலையில் ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி தாழ்நிலத்தைப் போர்த்தியிருந்தது. முன்னே செல்வோர் பின்னே வருவோரைக் காணாத அப்பனியில் ரோமானியப் படை நீண்ட வரிசையாய் நுழைந்தது. மூன்று பக்கமும் மலையிலிருந்து பகைவர் இறங்கினர். நான்காம் பக்கம் ஏரி. அணிவகுக்கவும் பொழுதில்லை. ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் 15,000 ரோமானியர் மடிந்தனர். பிளாமினியசும் மடிந்தான், ஹானிபால் தேடச் செய்தும் அவன் உடல் கிடைக்கவில்லை. கனத்த கவசத்தோடு நீரில் இறங்கியோர் மூழ்கினர். அவ்வேளையில் இத்தாலியின் பல நகரங்களைக் குலைத்த நிலநடுக்கம் ஒன்று ஏற்பட்டதாகவும், போரிட்டவர் எவரும் அதனை உணரவில்லை என்றும் லிவி என்னும் ரோமானிய ஆசிரியர் எழுதியுள்ளார். கொர்த்தோனாவை அடுத்த ஒசாயா என்னும் ஊர்ப்பெயர் எலும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்தும், ஏரிக்கரையின் சங்குயினேத்தோ என்னும் பெயர் குருதியைக் குறிக்கும் சொல்லிலிருந்தும் வந்தன என்பது அந்நாட்டு வழக்கு.

போர் முடிந்தபின் ஹானிபால் செய்த செயல் கருதத்தக்கது. சிறைப்பட்டவருள் ரோமானியரைக் காவலில் வைத்தான். ரோமாபுரியின் நேசநாட்டவரை மீட்புப்பணம் பெறாமலே விடுவித்தான். தான் ரோமானியரோடு மட்டுமே பொருதுவதாகவும் இத்தாலிய மக்களின் உரிமையை மீட்கவே வந்ததாகவும் கூறி அனுப்பினான். எட்ரூஸ்க நகரங்கள் ரோமாபுரியைக் கைவிடும் என அவன் எதிர்பார்த்தான். அவை கைவிடவில்லை. இடையிடையே ஐயங்களும் கலக்கங்களும் தோன்றின எனினும், கி.மு. 205இல் சிப்பியோ ஆப்பிரிக்கப் படையெடுப்புக்கு ஆயத்தம் செய்தபோது அந்நகரங்கள் தானியமும் இரும்பும் பாய்த்துணியும் மரமும் வழங்கின. அரெட்டியம் மட்டுமே 3,000 கேடயங்களையும் அதே அளவு தலைக்கவசங்களையும் அளித்தது.

ஏரிக்கரையில் தோற்ற ரோமாபுரி இறுதியில் வென்றது. அவ்வெற்றிக்கு உதவிய எட்ரூஸ்கர் என்ன பெற்றனர், என்ன இழந்தனர் என்பதே இனி நாம் காணவேண்டுவது.

வெண்கலப் பட்டயம்

1992ஆம் ஆண்டில், கமுச்சியாவில் கட்டட வேலை நடைபெற்ற இடத்தில் கிடைத்ததாகக் கூறி, தொழிலாளி ஒருவர் சில வெண்கலத் துண்டுகளைக் காவல் துறையினரிடம் ஒப்படைத்தார். தூய்மை செய்து நோக்கியபோது அவை எழுத்துப் பொறித்த ஒரே பட்டயத்தின் துண்டுகள் எனத் தெரிந்தது. எட்டுத் துண்டுகளாக உடைந்த அப்பட்டயத்தின் ஏழு துண்டுகளே கிடைத்தன; எட்டாவது துண்டு இன்றுவரை கிடைக்கவில்லை. பழங்காலத்திலேயே, உருக்கி வேறு பொருள் செய்யும் நோக்கத்துடன் அது உடைக்கப்பட்டிருத்தல் வேண்டும் என அறிஞர் கருதுகின்றனர். பல ஆண்டு ஆய்வுக்குப்பின் 2000ஆம் ஆண்டில் அது நூல்வடிவில் வெளியிடப்பெற்றது. இன்று கொர்த்தோனா அருங்காட்சியகத்தில் அதனைக் காணலாம்.

ஒன்றரை அடி நீளமும் ஓரடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடைய இம்மெல்லிய தகட்டில் இருபுறமுமாக நாற்பது வரிகள் உள்ளன. சொற்கள் ஏறத்தாழ இருநூறு. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் இறுதியையோ அடுத்த நூற்றாண்டையோ சேர்ந்தது. அஃதாவது ஏரிக்கரைப் போரைக் கண்ட தலைமுறைக்கு மிக அணித்தானது. எட்ரூஸ்க மொழியில் இதுவரை கிடைத்த எழுத்தாவணங்களுள் நீளத்தால் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. இதனினும் நீண்ட ஒன்று, எகிப்திய மம்மியைச் சுற்றிய லினன் துணியில் எழுதப்பட்டு, இன்று சாக்ரெப் நகரில் உள்ளது என்பது வியப்புக்குரிய செய்தி.

பட்டயம் கூறுவது யாது? நிலம் ஒன்றின் விற்பனையோ குத்தகையோ குறித்த ஆவணம் என்பது பெரும்பாலோர் முடிபு. பெத்ரு ஸ்கேவாஸ் என்பவனும் அவன் மனைவியும் அதில் ஒரு தரப்பினர். சாட்சியராகவோ பொறுப்பாளராகவோ பலர் பெயர்கள் வரிசையாய் உள்ளன. திராட்சைத் தோட்டத்தைச் சுட்டும் சொல்லொன்று காணப்படுகிறது. ஏரியைக் குறிக்கும் சொல்லோடு 'தர்ஸ்மினஸ்' என்னும் பெயரும் வருகிறது. அதுவே இன்றைய திராசிமேனோ. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குமுன் ஓர் எழுத்தன் வெண்கலத்தில் பொறித்த பெயரால்தான் இன்றும் அவ்வேரியை மக்கள் அழைக்கின்றனர்.

எழுத்துகள் எல்லாம் தெளிவாய் உள்ளன. எட்ரூஸ்கர் கிரேக்கரிடமிருந்து எழுத்தைக் கற்றுத் தம் மொழிக்கேற்ப மாற்றி, வலமிருந்து இடமாக எழுதினர். கொர்த்தோனாவில் மட்டும், உயிரொலி ஒன்றன் வேறுபாட்டைக் காட்டுதற்காக, ஓர் எழுத்தைத் திருப்பி எழுதும் வழக்கமும் இருந்தது. அவ்வளவு நுட்பமாய்த் தம் ஒலிகளை அவர்கள் பேணினர். ஆகவே இன்று ஒருவர் பட்டயத்தை முதல் வரியிலிருந்து இறுதி வரி வரை வாய்விட்டுப் படித்துவிடலாம். ஆனால் படித்தவற்றுள் பல சொற்களுக்குப் பொருள் சொல்லுவார் உலகில் ஒருவரும் இலர்.

அப்பா என்னும் சொல்

எட்ரூஸ்க மொழி இலத்தீனுக்கும் கிரேக்கத்திற்கும் உறவானதன்று; இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்திலேயே அது சேராது. ஏஜியன் கடலிலுள்ள லெம்னோஸ் தீவில் 1885இல் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டின் மொழியும், ஆல்ப்ஸ் பகுதியில் வழங்கிய ரேத்திய மொழியும் அதன் உறவினங்கள், அவையும் மறைந்தவையே. கல்லறைகளில் மீண்டும் மீண்டும் வரும் சொற்களைக் கொண்டு சிலவற்றின் பொருளை அறிஞர் கண்டனர். 'கிலன்' என்றால் மகன். 'புயா' என்றால் மனைவி. 'அவில்' என்றால் ஆண்டு. எண்ணுப்பெயர்களை அறிவதற்குத் தந்தப் பகடைகள் இரண்டு துணைசெய்தன. அவற்றின் ஆறு முகங்களிலும் எண்கள் சொல்லாகவே எழுதப்பட்டிருந்தன. அப்படியிருந்தும் நான்கு எது, ஆறு எது என்பது பற்றி அறிஞர் நெடுங்காலம் வழக்காடினர்.

தந்தைக்கு அம்மொழியில் 'அபா' என்று பெயர். இதனைக் கேட்டவுடன் தமிழர் உள்ளம் துள்ளுதல் இயல்பே. எனினும் ஈண்டு நாம் நிதானம் காத்தல் வேண்டும். குழந்தையின் வாயில் எளிதில் பிறக்கும் இத்தகைய ஒலிகள், தொடர்பே இல்லாத மொழிகள் பலவற்றில் தந்தையையும் தாயையும் குறிப்பனவாய் அமைந்துள்ளன. ஒரு சொல்லின் ஒப்புமை கொண்டு இரு மொழிகளை உறவாக்குதல் ஆராய்ச்சியாகாது. நம் மொழியின் பெருமைக்கு அத்தகைய துணை தேவையும் இல்லை. நாம் கருதவேண்டியது வேறொன்று: 'அபா' என்று அழைத்த பிள்ளைகள் எந்தத் தலைமுறையில் அவ்வாறு அழைப்பதை நிறுத்தினர்?

மொழி மறைந்த வகை

எட்ரூஸ்க மொழியைத் தடைசெய்து ரோமாபுரி சட்டம் இயற்றியதாக வரலாறு இல்லை. கி.மு. 310 அளவில் கொர்த்தோனா, பெரூசியா, அரெட்டியம் ஆகிய நகரங்கள் ரோமாபுரியுடன் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்பின் நூறாண்டுகளுக்கு மேல் அவர்கள் தம் மொழியிலேயே ஆவணம் எழுதினர் என்பதற்குப் பட்டயமே சான்று. கி.மு. 90ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலிய நேசநாட்டவர்க்கு ரோமானியக் குடியுரிமை வழங்கப்பட்டது. அது அவர்கள் விரும்பிய பேறு. வாக்களிக்கும் உரிமையும், பதவிக்கு வரும் வாய்ப்பும், சட்டப் பாதுகாப்பும் அதனால் கிட்டின. ஆனால் வழக்குமன்ற மொழி இலத்தீன். படையின் மொழி இலத்தீன். பதவிக்கு வழி இலத்தீன். அடுத்த பத்தாண்டில் சுல்லா என்னும் தலைவன் தன் படைவீரர்களை எட்ரூஸ்க நிலங்களில் குடியமர்த்தினான். அண்டை வீட்டு மொழியும் இலத்தீன் ஆயிற்று.

இம்மாற்றம் நிகழ்ந்த வகையைக் கல்லறைகள் காட்டுகின்றன. முதலில் பெயரும் எழுத்தும் எட்ரூஸ்கம். பின்னர் ஒரே மனிதனின் பெயர் இரு மொழியிலும் எழுதப்படுகிறது. இறுதியில் இலத்தீன் மட்டுமே நிற்கிறது. குடும்பம் அதே குடும்பம். கல்லறையும் அதே கல்லறை. கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப்பின் எட்ரூஸ்கக் கல்வெட்டுகள் அரிதினும் அரிது. எந்தத் தந்தையும் தன் மொழி அழியவேண்டுமென்று நினைத்திரான். தன் மகன் முன்னேறவேண்டும் என்றே நினைத்திருப்பான். அவ்வெண்ணம் குற்றமுடையதன்று. ஆயினும் அத்தகைய தந்தையர் பலர் ஒரே காலத்தில் வீட்டிலும் இலத்தீனே பேசத் தலைப்பட்டபோது மொழி முடிந்தது.

கி.பி. 41இல் பேரரசனான கிளாடியஸ் எட்ரூஸ்கரின் வரலாற்றை இருபது பகுதிகளாகக் கிரேக்கத்தில் எழுதினான். அந்நூல் முழுதும் அழிந்துபோயிற்று. அது எஞ்சியிருப்பின் பட்டயத்தின் பல புதிர்கள் அவிழ்ந்திருத்தலும் கூடும். பேசுவார் இல்லாத மொழியைக் காப்பதற்குப் பேரரசனின் எழுதுகோலும் போதவில்லை.

இதில் வியத்தகு மற்றொரு செய்தியும் உண்டு. ரோமானியர் தம் எழுத்தை எட்ரூஸ்கர் வழியாகவே பெற்றனர். இன்று உலகெங்கும் ஆங்கிலப் பள்ளியில் நம் பிள்ளைகள் முதன்முதல் எழுதிப் பழகும் எழுத்துகள் எட்ரூஸ்கர் கைவழி வந்தவை. எழுத்து உலகை ஆள்கிறது. அதனை அளித்தவர் மொழியோ ஊமையாயிற்று. எழுத்து வேறு, மொழி வேறு என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை எனலாம்.

அரிக்கமேட்டில் ஒரு சந்திப்பு

கொர்த்தோனாவிற்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரெட்டியம், ரோமானியர் காலத்தில் செந்நிற மட்பாண்டங்களுக்குப் பெயர்பெற்றது. அச்சில் வார்த்து, பளபளப்பான செம்பூச்சுப் பூசி, அடியில் குயவரின் பெயர் முத்திரை இட்டு அவற்றைப் பல நாடுகளுக்கும் அனுப்பினர். அவ்வூர்ப் பெயராலேயே அவ்வகைப் பாண்டங்கள் அரெட்டியப் பாண்டங்கள் எனப் பெயர்பெற்றன. 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்தபோது இவ்வகைப் பாண்டங்களின் ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் முன்பே தெரிந்திருந்தமையால், அதனைக்கொண்டு அரிக்கமேட்டின் காலத்தை அவர் கணித்தார். தென்னிந்தியத் தொல்லியலில் பெருந்திருப்பம் விளைவித்த கண்டுபிடிப்பு அது.

அவ்வோடுகளின்மேல் இருந்த முத்திரைகள் இலத்தீன் எழுத்தில் அமைந்தவை. இரண்டு மூன்று தலைமுறைகளுக்குமுன் எட்ரூஸ்கம் பேசிய நகரின் பெயர்பெற்ற தொழில், நம் கரைக்கு வந்தபோது இலத்தீன் பேசிற்று. அதே அரிக்கமேட்டில், தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்ட பானையோடுகளும் கிடைத்தன. ஒன்று மறைந்த மொழியாரின் வழிவந்த ஊரிலிருந்து வந்தது. மற்றொன்று இன்றும் பேசப்படும் மொழி. இரண்டும் ஒரே மண்ணில் கிடந்தன. தமிழ்ப் பிராமி எழுத்தை மீண்டும் படிக்கக் கற்பதற்கும் காலம் பிடித்தது. ஆயினும் எழுத்தொலி விளங்கியபின், அதன் பொருளை விளக்க உயிருள்ள மொழி ஒன்று காத்திருந்தது. கொர்த்தோனாப் பட்டயத்திற்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை.

பின்வந்த நூற்றாண்டுகள்

மொழி மறைந்த பின்னும் நகரம் வாழ்ந்தது. இடைக்காலத்தில் தன்னாட்சி பெற்ற நகராக விளங்கிற்று. 1258இல் அரெட்சோப் படையினர் அதனைச் சூறையாடினர். 1325 முதல் கசாலி என்னும் குடும்பத்தினர் ஆண்டனர். 1409இல் நேப்பிள்ஸ் அரசன் லாடிஸ்லாஸ் அதனைக் கைப்பற்றி, 1411இல் பிளாரன்சுக்கு விலைக்கு விற்றான்.

அசிசி நகரின் அருளாளர் பிரான்சிஸ், 1211இல் கொர்த்தோனாவை அடுத்த லே செல்லே என்னும் மலைப்பிளவில் துறவியர் உறைவிடம் ஒன்றை ஏற்படுத்தினார் என்பது மரபு. ஏரியின் பெருந்தீவிலும் அவர் நோன்பிருந்தார் என்பர். மார்கரீத்தா என்னும் பெண்மணி (1247–1297), தன்னோடு வாழ்ந்த செல்வன் இறந்தபின் மகனோடு தந்தை வீட்டிலும் இடமின்றித் துரத்தப்பட்டு இந்நகருக்கு வந்தார். நோயுற்ற ஏழைகளுக்கு மருத்துவமனை அமைத்துத் தொண்டாற்றினார். 1728இல் புனிதராக அறிவிக்கப்பெற்ற அவருடைய உடல் குன்றின் உச்சியிலுள்ள கோயிலில் இன்றும் உள்ளது. புகலிடம் தேடி வந்தவரையே நகரம் தன் காவலராகப் போற்றுதல் குறிப்பிடத்தக்கது. ஓவியக் கலையிலும் நகரம் சிறந்தது. லூக்கா சிஞ்ஞோரெல்லி, பியெத்ரோ தா கொர்த்தோனா, 20ஆம் நூற்றாண்டில் ஜீனோ செவெரீனி ஆகியோர் இந்நகரிற் பிறந்தவர்கள். பிரா ஆஞ்செலிகோ வரைந்த, வானதூதன் மரியாளுக்கு நற்செய்தி கூறும் ஓவியமும் இங்குள்ளது.

1727இல் வெனூத்தி உடன்பிறந்தார் முன்னின்று எட்ரூஸ்கக் கழகம் ஒன்றை நிறுவினர். அதன் தலைவருக்கு 'லூக்குமோன்' என்னும் பழைய எட்ரூஸ்க அரசர் பட்டத்தையே சூட்டினர். வோல்தேர், மொந்தெஸ்கியூ போன்ற பெரியோர் அதில் உறுப்பினராயினர். நூலகமும் அருங்காட்சியகமும் அதன் வழியாக வளர்ந்தன. முன்னோர் கைவிட்ட மொழியின் துணுக்குகளை, ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் கழித்துப் பின்னோர் பொறுக்கிச் சேர்த்தனர்.

1944ஆம் ஆண்டுக் கோடையில் போர் மீண்டும் ஏரிக்கரைக்கு வந்தது. பின்வாங்கிய ஜெர்மானியப் படைகள் திராசிமேனோவை ஒட்டி அரண்வரிசை அமைத்து எதிர்த்தன. ஜூன் 27ஆம் நாள் கொர்த்தோனாவைச் சேர்ந்த பல்சானோ என்னும் சிற்றூரில் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். பிடிபட்டோரை ஒரு வீட்டில் அடைத்து அவ்வீட்டையே வெடிவைத்துத் தகர்த்தனர். 2009இல் மியூனிக் நீதிமன்றம் அந்நாளைய படையதிகாரி ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதே கோடையில் மலைக்குக் கிழக்கே, மேல் தைபர் பள்ளத்தாக்கில், 10ஆவது இந்தியப் படைப்பிரிவு போரிட்டது. மராட்டிய வீரர் நாயக் யஷ்வந்த் காட்கே ஜூலை 10ஆம் நாள் அங்கு வீழ்ந்து, விக்டோரியா சிலுவை விருதுக்கு உரியவரானார். அவருடைய உடலும் கிடைக்கவில்லை.

முடிவுரை

இன்று கொர்த்தோனாவிற்குச் செல்லும் பயணியர் பெரும்பாலோர் மதிலோரம் நின்று ஏரியின் அழகைக் கண்டு, ருகாபியானாவில் உலவித் திரும்புகின்றனர். சற்றே பொழுதொதுக்கிக் கசாலி மாளிகையிலுள்ள அருங்காட்சியகத்திற்குள் நுழைவோர், கண்ணாடிப் பேழைக்குள் அவ்வெண்கலப் பட்டயத்தைக் காணலாம். வென்ற ஹானிபாலும் தோற்ற பிளாமினியசும் அம்மொழியை அழிக்கவில்லை. பகைவரின் வாளுக்கு ஆறு மைல் தொலைவில் நின்று அது பிழைத்தது. அமைதிக் காலத்தில், குடியுரிமையும் முன்னேற்றமும் வந்த வேளையில், வீட்டு முற்றத்தில் மறைந்தது.

தொழிலின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் பிற மொழிகளைக் கற்றல் நமக்கு இன்றியமையாதது. அவற்றைக் கற்ற பிள்ளைகள் சிறப்புறுவதைக் கண்டு மகிழ்வதும் முறையே. சங்கங்கள் அமைத்தலும் மலர்கள் வெளியிடுதலும் விழா எடுத்தலும் நற்பணிகள். எனினும் கொர்த்தோனாக் கழகம் நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு: பேசுவார் மறைந்தபின் கழகம் காக்கக்கூடியது துண்டுகளை மட்டுமே. மொழியைக் காக்கும் இடம் உணவுக்கூடம். தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளையும் ஒன்றாக அமரும் இடம். அங்கே நாள்தோறும் அரைமணி நேரம் தமிழ் ஒலிக்குமாயின் அதுவே போதுமான தொடக்கமாகும். அதற்குப் பொருட்செலவும் இல்லை. அரசின் அனுமதியும் வேண்டுவதில்லை.